முகவாய் இம்பிளாண்ட்: சின்ன ஆபரேஷன்தானா? செய்வதற்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

முகவாய் உள்ளடங்கி இருக்கு, பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் மூக்கு மட்டும்தான் தெரியுது என்று கவலைப்படும் இளைஞர்களுக்குச் சமூக வலைதளங்களில் அடிக்கடி வரும் விளம்பரம், முகவாய் இம்பிளாண்ட். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னை, பெங்களூரு கிளினிக்குகள் எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில்தான். காலையில் கிளம்பினால் இரவு திரும்பிவிடலாம்.

ஆபரேஷன் சின்னதுதான். ஆனால், அதற்கு முன் பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பிரச்னை முகவாயிலா, தாடையிலா?

முகவாய் வேறு, தாடை வேறு

பேச்சில் இரண்டையும் சேர்த்துத் 'தாவாங்கட்டை' என்று சொல்லிவிடுவது வழக்கம். கீழ்த்தாடை எலும்பின் முன்நுனிதான் முகவாய். நுனி மட்டும் சிறியதாக இருந்து, மேல் பல்லும் கீழ் பல்லும் சரியாகப் பொருந்தினால் இம்பிளாண்ட் போதுமானதாக இருக்கலாம்.

கீழ்த்தாடையே பின்தங்கி இருந்தால் கதை வேறு. பற்கள் சரியாகப் பொருந்தாது. சிலருக்குப் பலமான குறட்டையும், தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருக்கும். இவர்களுக்குப் பல் கம்பி, தாடை எலும்பை நகர்த்தும் ஆபரேஷன் போன்றவை தேவைப்படலாம். இம்பிளாண்ட் மட்டும் வைத்தால் தோற்றம் மாறும், மூச்சுப் பிரச்னை அப்படியே இருக்கும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிறுவயதில் முகவாய் அடிபட விழுந்த சிலருக்குக் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு இறுகி, தாடை வளராமல் நின்றுவிடும். குட்கா, பாக்கு போடுபவர்களுக்கும் வாய் இறுகும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால், அழகு சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைக் காட்ட வேண்டும்.

வேலூருக்குப் புதுசு இல்லை

முகத்தைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையில் வேலூருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1946-ல் சி.எம்.சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் இயங்க வைத்தார். நோய் குணமான பிறகும் முகத்தைப் பார்த்து வேலை தர மறுத்தார்கள் என்பதால், அமுங்கிய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் சரிசெய்யும் ஆபரேஷன்களும் அங்கே நடந்தன. முகத்தைப் பற்றிய கவலை வெறும் ஆடம்பரம் இல்லை என்பது இந்த ஊருக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஆபரேஷனில் என்ன நடக்கும்?

முகவாய்க்குக் கீழேயோ, கீழ் உதட்டுக்கு உள்பக்கமோ சிறிதாக வெட்டி, எலும்பின் மேல் இம்பிளாண்டை வைத்துத் தைப்பார்கள். இது பெரும்பாலும் சிலிக்கானால் ஆனது. சுமார் ஒரு மணி நேரம் ஆகும். மரத்துப்போகும் ஊசியுடன் தூக்க மருந்தோ, முழு மயக்கமோ கொடுப்பார்கள்.

இன்னொரு வழி, சொந்த எலும்பின் நுனியை வெட்டி முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடு, ஸ்க்ரூ வைத்துப் பொருத்துவது. ஆபரேஷன் கொஞ்சம் பெரியது. ஆனால், முகவாயின் உயரத்தையும் இதில் மாற்ற முடியும்.

பார்லர்களில் போடும் ஃபில்லர் ஊசி இதற்கு மாற்று என்று நினைக்க வேண்டாம். அது தற்காலிகமானது. தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகும், அரிதாகக் கண்பார்வைகூடப் போகலாம். டாக்டர் மட்டுமே போட வேண்டியது அது.

எத்தனை நாளில் சரியாகும்?

* முதல் 3 நாள்: வீக்கம், வலி, இறுக்கம் அதிகம். கஞ்சி, ஜூஸ், தயிர் சாதம் போன்ற மென்மையான உணவு. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும்.
* ஒரு வாரம்: உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பலாம். தையல் பிரிக்க வேண்டியிருந்தால் இந்தச் சமயத்தில் பிரிப்பார்கள்.
* 2 முதல் 3 வாரம்: பெரும்பாலான வீக்கம் வடியும். பாரம் தூக்கும் வேலை அதுவரை கூடாது. தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், முகவாயை அழுத்தும் மாஸ்க் எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.
* 3 முதல் 6 மாதம்: இறுதி வடிவம் தெரியும். முதல் வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

புகைப்பவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

என்னென்ன ஆபத்து?

கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போவது சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகும். சிலருக்கு நிரந்தரமாக இருந்துவிடும். இம்பிளாண்ட் நகரலாம், கோணலாகலாம், அடியில் இருக்கும் எலும்பு தேயலாம். கிருமித் தொற்று வந்தால் இம்பிளாண்டையே எடுக்க வேண்டி வரலாம்.

மயக்க மருந்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016-ல் சென்னையில் முடி மாற்று சிகிச்சைக்குப் போன எம்.பி.பி.எஸ் மாணவர் உயிரிழந்தார். 2024-ல் உடல் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னை வந்த புதுச்சேரி இளைஞரும் உயிரிழந்தார். 

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அழகுக்காக மட்டும் என்றால் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சைக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதிகளில் விலக்கு உண்டு. தாடைப் பிரச்னையா, முகவாயா என்று முதலில் தெரிந்துகொள்வது பணத்துக்கும் முக்கியம் என்பது இதனால்தான்.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* கத்தி பிடிப்பவர் யார்? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டி.என்.பி, இல்லையென்றால் முகத்தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ் படித்தவரா? கவுன்சில் பதிவு எண் என்ன?
* மயக்க மருந்து நிபுணர் ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருப்பாரா?
* ஐ.சி.யூ வசதி அங்கேயே இருக்கிறதா?
* இம்பிளாண்டை எடுக்க நேர்ந்தால் செலவு யாருடையது? இதை எழுத்தில் வாங்க வேண்டும்.
* ஊருக்குத் திரும்பிய பிறகு நள்ளிரவில் பிரச்னை என்றால் யாருக்கு போன் செய்வது?

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. சென்னை கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. 108-ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வைத்த இம்பிளாண்டின் விவரம், கொடுத்த மருந்துகள் அடங்கிய டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருந்தால் அங்கே இருக்கும் டாக்டருக்கு வேலை சுலபமாகும்.