சும்மா சுத்தினா போதுமா? ஸ்பிண்டிலுக்குள் செர்வோ வந்த கதை

இன்னைக்குக் கதை ஒரு உடைஞ்ச டேப்ல ஆரம்பிக்குது. ஒட்டுற டேப் இல்ல, துளைக்குள்ள மரை போடுற டேப்.

இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பழைய மில்லிங் மெஷினை சிஎன்சியா மாத்தினோம். மூணு அச்சுக்கும் செர்வோ மோட்டார். ஸ்பிண்டிலுக்கு மட்டும் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார். "அது சும்மா சுத்தினா போதும்"னு சொன்னது நான்தான். எம்6 டேப்பை மாட்டி ப்ரோக்ராமை ஓட்டினேன். டக்! மூணு நாள் செதுக்கின அலுமினிய ஜாப்புக்குள்ள டேப் உடைஞ்சு நின்னுச்சு. பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்: "தம்பி, ஸ்பிண்டில் எத்தனை சுத்து சுத்திருக்குன்னு உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

தெரியாது. அதான் பிரச்சினையே.

எம்6 மரையில் ஒரு சுற்றுக்கு டேப் சரியாக 1 மி.மீ. இறங்கணும். நாலு துருவ இண்டக்‌ஷன் மோட்டார், 50 ஹெர்ட்ஸில் கணக்குப்படி நிமிஷத்துக்கு 1500 சுற்று. லோடு ஏறினா நிஜத்தில் 1440 பக்கம்தான் சுத்தும். இந்த வித்தியாசத்துக்குப் பேர் ஸ்லிப். அதே 4 சதவீதம் எனக்கும் வழுக்கியிருந்தா, 20 மி.மீ. ஆழத்துக்குள்ள 0.8 மி.மீ. இடிக்கும். டேப் உடையாம என்ன செய்யும்?

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தப் பிரச்சினை 1800 வாக்கிலேயே தீர்ந்திருந்தது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே செய்த லேத்தில் ஸ்பிண்டிலையும், கத்தியை நகர்த்தும் திருகுதண்டையும் பல்சக்கரங்கள் பிணைச்சிருந்தன. ஒண்ணு மெதுவானா இன்னொண்ணும் மெதுவாகும். ஸ்லிப் பத்திக் கவலையே இல்லை.

அந்தப் பிணைப்பை விட்டது நம்ம காலம்தான். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கை சம்பந்தமான வேலையில் இருந்த ஜான் பார்சன்ஸ், கத்தியை எண்களால் நகர்த்தலாம்னு யோசிச்சார். 1949இல் விமானப்படை பணம் கொடுத்தது. எம்ஐடியின் செர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகம் உள்ளே வந்தது. 1952இல் துளையிட்ட காகித நாடாவைப் படிச்சு ஒரு மில்லிங் மெஷின் தானா ஓடிக் காட்டியது. அந்த நாடா ஆண்டது மூணு அச்சுகளின் நகர்வை. ஒவ்வொரு அச்சும் "நான் இங்க இருக்கேன்"னு திரும்பச் சொல்லும். அதைக் கேட்டுத் திருத்துவதுதான் செர்வோ. ஸ்பிண்டிலின் வேலை? சுத்துறது, அவ்வளவுதான்.

மில்லிங்குக்கு அது போதும். மரைக்குப் போதாது. அதனால டேப்பைக் கொஞ்சம் மேலும் கீழும் விளையாட விடும் ஸ்பிரிங் ஹோல்டர்கள் வந்தன. தப்பைச் சரிசெய்யல, தாங்கிக்கிட்டாங்க. அப்புறம் ஸ்பிண்டிலில் என்கோடர் மாட்டினாங்க. இப்போ அது எங்க இருக்குன்னு தெரியும்.

ஆனா தெரிஞ்சா போதாது, அடக்கவும் தெரியணும். 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், சீமென்ஸில் இருந்த ஃபெலிக்ஸ் பிளாஷ்கே வெக்டர் கண்ட்ரோலுக்கு வழி சொன்னார்: இண்டக்‌ஷன் மோட்டாரின் காந்தப்புலத்தையும் முறுக்குவிசையையும் தனித்தனியா ஆளலாம். அந்தக் கணக்கை நொடிக்கு ஆயிரம் தடவை போட மைக்ரோபிராசசர் வரணும். வந்தது. ஸ்பிண்டிலும் இன்னொரு செர்வோ அச்சா ஆச்சு. துளையின் அடியில் நின்னு, திரும்பி, அதே மரைவழியே மேலே வர முடிஞ்சது. இதுதான் ரிஜிட் டேப்பிங்.

மாட்ஸ்லேயின் பல்சக்கரத்தை நாம மென்பொருளில் திரும்பச் செஞ்சிருக்கோம், அவ்வளவுதான்.

என் ப்ராஜெக்ட்? மிச்சத் துளைகளுக்கு அண்ணன் கையாலேயே டேப் போட்டார். அரைச் சுத்து முன்னே, கால் சுத்து பின்னே. இறுக்கம் கூடினா அவர் மணிக்கட்டுக்கு உடனே தெரிஞ்சது. ஒண்ணுகூட உடையல. நான் படிச்ச முதல் ஃபீட்பேக் லூப் அதுதான், மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!