இரவுக்குச் சேர்த்த வெயில்

தீப்பெட்டி எளிதிற் கிடைக்காத காலத்தில், இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பிலுள்ள கங்குகளைச் சாம்பலால் மூடிவைப்பது தமிழ் இல்லங்களின் வழக்கமாக இருந்தது. விடியற்காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் உள்ளே கனல் கண்விழிக்கும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்னும் தொடரின் முழுப்பொருள் அந்த அடுப்பைக் கண்டவர்க்கே விளங்கும். பகலில் மூட்டிய தீயை இரவெல்லாம் காத்துவைக்கும் இவ்வீட்டுக் கலையை ஞாயிற்றின் வெப்பத்துக்குச் செய்து பார்க்க மேல்நாட்டுப் பொறியாளர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் தேவைப்பட்டது.

ஞாயிற்று வெப்பத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கண்ணாடியிலிருந்தே தொடங்குவர். சிராக்கூஸ் நகரை முற்றுகையிட்ட ரோமானியக் கப்பல்களை ஆர்க்கிமிடீஸ் ஆடிகளால் எரித்தார் என்னும் கதை அவர்களுக்கு முதற்பாடம். அம்முற்றுகையை விரிவாக எழுதிய பாலிபியஸ், லிவி, புளூட்டார்க் ஆகிய மூவரும் இவ்வாடிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆதலின் அக்கதையைக் கதையாகவே விட்டுவிடலாம். அன்றியும், வெயிலைக் குவித்துச் சூடாக்குவது என்றுமே பெருஞ்சிக்கலாக இருந்ததில்லை. குவிகண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கும் பள்ளிச் சிறுவனும் அதைச் செய்கிறான். ஞாயிறு மறைந்தபின் என்ன செய்வது என்பதே இத்துறையில் உழைத்தவர்களை வாட்டிய கேள்வி.

பிரான்சு நாட்டின் தூர் நகரில் கணித ஆசிரியராக இருந்த ஒகுஸ்தேன் முஷோ, நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும் என்று அஞ்சினார். 1860-களில் அவர் தொடங்கிய ஆய்வு 1878-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் உச்சம் கண்டது. கூம்பு வடிவான பெரிய ஆடியொன்றால் கொதிகலனைச் சூடாக்கி, அந்த வெயிலைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டினார். கண்டவர் வியந்தனர், தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஆயினும் இங்கிலாந்திலிருந்து நிலக்கரி மலிவாக வந்துகொண்டிருந்ததால், இம்முயற்சி செலவுக்கு ஈடாகாது என அரசு கைவிட்டது.

அதே 1878-இல் பம்பாயில் வில்லியம் ஆடம்சு என்னும் ஆங்கிலேய அலுவலர், வெப்பநாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாக ஞாயிற்று வெப்பத்தைக் கொள்ளலாம் என்று ஒரு நூலே வெளியிட்டார். முஷோவின் வளைந்த ஆடி செய்வதற்கு அரிது, விலையும் மிகுதி எனக் கண்ட அவர், சிறுசிறு தட்டையான கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் ஒளி முழுவதும் ஒரே கொதிகலனில் விழுமாறு அமைத்தார். இரண்டரைக் குதிரைத்திறனுள்ள நீராவிப் பொறி அதனால் இயங்கிற்று. இன்று பாலைவனங்களில் நிற்கும் கோபுர மின்நிலையங்களின் கருத்து, வடிவில் சிறிதாயினும், இதுவே. பம்பாய்க் கடற்கரையில் நடந்த இச்செயலை இந்தியப் பாடநூல்கள் போதிய அளவு நினைவுகூர்வதில்லை.

அடுத்து வந்த பிராங்க் சூமன், கம்பி பதித்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் பொருளீட்டிய பிலடெல்பியா நகரத்தார். எகிப்தில் நிலக்கரி கிடையாது, வெயிலோ மிகுதி, நைல் நதியின் நீரை வயலுக்கு இறைக்கும் தேவையும் உண்டு. இம்மூன்றையும் கணக்கிட்டு, கெய்ரோவுக்கு அருகிலுள்ள மாதி என்னுமிடத்தில் அவர் ஒரு நிலையம் அமைத்தார். ஒவ்வொன்றும் 60 மீட்டருக்கு மேல் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஐந்து ஆடித் தொட்டிகள் ஞாயிற்றின் போக்கிற்கேற்பத் திரும்பி, நடுவே ஓடிய குழாயின் நீரை ஆவியாக்கின. 1913-இல் அந்நிலையம் ஒரு நிமிடத்துக்கு 6,000 காலன் நீர் இறைத்தது. சூடேறிய நீரைத் தொட்டியில் காத்துவைத்துப் பகலுக்குப் பின்னும் பொறியை ஓட்டும் எண்ணமும் சூமனுக்கு இருந்தது. கிச்சனர் பிரபு சூடானில் பருத்தி நிலம் தர முன்வந்தார். ஜெர்மானிய நாடாளுமன்றம் தன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்காகப் பணம் ஒதுக்கியது. மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. பொறியாளர்கள் கலைந்து சென்றனர். 1918-இல் சூமன் இறந்தார். போர் முடிந்தபின் உலகம் எண்ணெயின் பக்கம் திரும்பிவிட்டது; மாதியின் ஆடித் தொட்டிகளை நினைத்தவர் எவருமில்லை.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முஷோவை நிலக்கரி வென்றது. சூமனைப் போரும் எண்ணெயும் வென்றன. கருவியின் குறையால் இவர்கள் தோற்கவில்லை. இதனைப் பலர் இவர்களுடைய மதியின் குறையாக எழுதியிருப்பது நேர்மையன்று.

இடையில் இத்தாலியரான ஜியோவான்னி பிரான்சியா 1965-இல் ஜெனோவாவுக்கு அருகில் சாந்திலாரியோவில், தரையில் பரப்பிய ஆடிகளின் ஒளியை உயரத்திலுள்ள ஒரு கொதிகலனில் குவிக்கும் நிலையத்தை இயக்கினார். ஆனால் அரசுகள் பணப்பையைத் திறந்தது 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே. அதன் விளைவாக எழுந்ததே கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் டாகெட் என்னும் ஊருக்கருகில் 1982-இல் இயங்கத் தொடங்கிய ‘சோலார் ஒன்’ நிலையம். 1,818 ஆடிகள் ஞாயிற்றைப் பின்தொடர்ந்து திரும்பி, ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்த கொதிகலனுக்கு ஒளியை அனுப்பின. அதன் ஆற்றல் 10 மெகாவாட்.

சோலார் ஒன் நிலையத்தில் கோபுரத்திலேயே நீர் ஆவியாயிற்று. மேகம் ஒன்று கடந்தால் ஆவி தளர்ந்தது. ஆவி தளர்ந்தால் சுழலியும் தளர்ந்தது. அழுத்தம் மிக்க நீராவியைப் பெருமளவில் தொட்டியில் அடைத்துவைப்பதோ ஆபத்தும் பெருஞ்செலவும் தருவது. ஆகவே எண்ணெயும் கல்லும் மணலும் நிறைந்த ஒரு தொட்டியை வைத்து, மிஞ்சிய வெப்பத்தை அதில் சேர்த்தனர். கோபுரத்திலிருந்து வந்த ஆவி 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. எண்ணெயோ 300 பாகைக்கு மேல் தாங்காது. சேர்த்த வெப்பம் எப்போதும் தரங்குறைந்த வெப்பமாகவே திரும்பிவந்தது. மேலும் எண்ணெய் எரியும் பொருள். அதே மொஹாவியில் ஆடித் தொட்டிகளால் இயங்கிய வேறொரு நிலையத்தின் எண்ணெய்த் தொட்டி 1999-இல் தீப்பற்றி அழிந்தது.

எரியாத, விலை மலிந்த, பேரழுத்தம் வேண்டாத, 500 பாகைக்கு மேலும் நீர்மமாகவே இருக்கும் ஒரு பொருள் வேண்டும். அப்பொருள் உப்பு. உணவில் இடும் உப்பன்று. சோடியம் நைட்ரேட்டு 60 பங்கும், வெடியுப்பு எனத் தமிழர் அறிந்த பொட்டாசியம் நைட்ரேட்டு 40 பங்கும் சேர்ந்த கலவை. இரண்டுமே உழவர் வயலுக்கு இடும் உரங்கள். பிரான்சில் தெமிஸ் என்னும் கோபுர நிலையம் 1983 முதல் 1986 வரை இத்தகைய உப்புக் கலவையொன்றைக் கொண்டு இயங்கிக் காட்டியது. அமெரிக்கர்கள் சோலார் ஒன் நிலையத்தையே மாற்றியமைத்து, 108 பெரிய ஆடிகளைக் கூட்டி, ‘சோலார் டூ’ எனப் பெயரிட்டு 1996-இல் திறந்தனர்.

அதன் செயல்முறை சிக்கலற்றது. இரண்டு பெருந்தொட்டிகள். ஒன்றில் 290 பாகையில் உருகிய உப்பு இருக்கும். பொறியாளர்கள் அதற்கு இட்ட பெயர் ‘குளிர்த் தொட்டி’. ஈயத்தையும் தகரத்தையும் கலந்து பற்றவைக்கும் கலவை அந்தக் ‘குளிரில்’ உருகி ஓடிவிடும். பகலில் அவ்வுப்பைக் கோபுரத்துக்கு ஏற்றுவர். ஆடிகளின் ஒளியில் அது 565 பாகைக்குச் சூடேறி, மற்றத் தொட்டியில் வந்து சேரும். மின்சாரம் வேண்டும்போது, பகலோ இரவோ, சூடான உப்பை எடுத்து நீரைக் கொதிக்கவைத்துச் சுழலியை ஓட்டுவர். சூடு தணிந்த உப்பு முதல் தொட்டிக்கே திரும்பும். நன்கு போர்த்திய தொட்டியில் ஓரிரவில் குறையும் வெப்பம் மிகச் சிறிது. வெயில் சேரும் நேரமும் மின்சாரம் எடுக்கும் நேரமும் இவ்வாறு ஒன்றையொன்று சாராமல் பிரிந்தன. மேகம் கடந்தாலும் சுழலி அறியாது.

உப்புக்கும் ஒரு குற்றம் உண்டு. ஏறத்தாழ 220 பாகைக்குக் கீழே அது உறைந்து கல்லாகிவிடும். குழாயில் உறைந்தால் அக்குழாய் அடைபட்டது. மீண்டும் உருக்கும்போது விரிந்து குழாயையே பிளக்கவும் கூடும். எனவே உப்பு செல்லும் ஒவ்வொரு குழாய்க்கும் அடைப்பானுக்கும் மின்கம்பி சுற்றிச் சூடேற்றிக் காக்க வேண்டும். மாலையில் கோபுரத்துக் குழாய்களிலிருந்து உப்பு முழுவதையும் வடித்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் தவறிப்போய்த் திருத்தித் திருத்தியே கற்றனர். இறுதியில் சோலார் டூ இடைவிடாது 153 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஒரு வாரம், இரவும் பகலும் மின்சாரம் தந்தது. 1999-இல் ஆய்வு முடிந்ததென அதை நிறுத்தினர். 2009-இல் கோபுரத்தையும் தகர்த்தனர். எண்ணெயும் எரிவாயுவும் மலிந்திருந்த அந்நாட்களில் அமெரிக்காவில் அதை வளர்த்தெடுக்க எவரும் முன்வரவில்லை.

வளர்த்தவர் ஸ்பானியர். கிரனாடா மாநிலத்தில் 2008-இல் மின்தொடர்பு பெற்ற அந்தசோல் நிலையம் 28,500 டன் உப்பில் ஏழரை மணி நேரத்துக்கான வெப்பத்தைச் சேர்த்தது. செவில் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய ஹெமசோலார், 2,650 ஆடிகளும் 140 மீட்டர்க் கோபுரமும் 15 மணி நேரச் சேமிப்பும் உடையது. 2013-ஆம் ஆண்டுக் கோடையில் அது 36 நாள்கள் ஓயாமல் மின்சாரம் தந்தது. மாதியில் சூமன் எண்ணியதற்கு நூறாண்டு கழித்து அது நிறைவேறியது.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது? சோடியம் நைட்ரேட்டு இயற்கையாகப் பெருமளவில் கிடைக்கும் இடம் தென்னமெரிக்காவின் அட்டகாமா பாலைவனம். அவ்வுப்புக்காகவே 1879-இல் சிலி ஒருபுறமும் பெரு, பொலிவியா மறுபுறமும் போரிட்டன. பொலிவியா தன் கடற்கரையையே இழந்தது. ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகவும் பீரங்கிகளுக்கு மருந்தாகவும் அவ்வுப்பு கப்பலேறிற்று. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா ஆக்கும் முறையை ஜெர்மானியர் கண்டு, 1913-இல் ஆலையும் நிறுவியபின், சிலியின் உப்பு வாணிகம் சரிந்தது. உப்பெடுக்கும் ஊர்கள் ஒவ்வொன்றாக ஆளற்றுப்போயின. ஈயச் சுரங்கம் மூடிய பின் கிந்தா பள்ளத்தாக்கில் ஊர்கள் ஓய்ந்ததைக் கண்ட மலாயாத் தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. ஸ்பெயினின் தொட்டிகளை நிரப்பியதில் பெரும்பங்கு அந்தச் சிலி உப்பே.

இதுவரை கூறியதைக் கொண்டு வெற்றி முழுமையடைந்தது என எண்ணிவிடலாகாது. நெவாடாவில் டோனபா நகருக்கருகில் 110 மெகாவாட் ஆற்றலும் 10,347 ஆடிகளும் 10 மணி நேரச் சேமிப்பும் கொண்ட கிரசன்ட் டியூன்ஸ் நிலையம் 2015-இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்க அரசு 73 கோடியே 70 இலட்சம் டாலர் கடனுக்குப் பிணை நின்றது. 2016-இல் சூடான உப்புத் தொட்டி கசிந்தது. எட்டு மாதம் நிலையம் மூடிக்கிடந்தது. 2019-இல் மீண்டும் நின்றது; மறு ஆண்டு நிறுவனம் திவாலாயிற்று. பின்னர் 2021-இல் வேறு ஏற்பாட்டில் மீண்டும் இயங்கியது. சூடேறி விரிந்தும் தணிந்து சுருங்கியும் அலைக்கழியும் தொட்டியின் அடித்தட்டே இத்துறையின் நோவிடமாக இருந்துவருகிறது. ஒளியால் நேரே மின்சாரம் தரும் சிலிக்கான் தகடுகளின் போட்டி அதனினும் கடியது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அத்தகடுகள் தரும் மின்சாரத்தின் அடக்கவிலை ஏறத்தாழ 85 விழுக்காடு வீழ்ந்தது. உப்பு நிலையங்களின் விலையும் ஏறத்தாழ 68 விழுக்காடு குறைந்ததுதான். ஆனால் முன்னே ஓடியவனை எட்டிப் பிடிக்கவில்லை. மின்கலங்களும் மலிந்துவரவே, மாலையில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு அவையே போதும் என்போர் பெருகினர். இரவு முழுமைக்கும் என்னும்போது மட்டும் உப்பின் கணக்கு மறுபடி எடுபடுகிறது. சீனாவில் துன்ஹுவாங் நகரில் 2018-இலும், துபாயில் 260 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்துடன் 2023-இலும் எழுந்த நிலையங்கள் அக்கணக்கை நம்பி எழுந்தவை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இக்கோபுரம் எழுவதற்கில்லை. இங்கு வெயில் கடுமையானதே. ஆயினும் அதில் பெரும்பகுதி மேகத்திலும் ஈரக்காற்றிலும் சிதறி, எல்லாத் திசையிலிருந்தும் வருவது. ஆடி குவிக்கக்கூடியது ஞாயிற்றிலிருந்து நேரே வரும் கதிரை மட்டுமே. சிதறிய ஒளியையும் ஏற்கும் சிலிக்கான் தகடே இந்நாட்டு வானத்துக்கு உரியது.

அட்டகாமாவிலோ மேகம் அரிது. 1926-இல் உப்பெடுக்கவென்றே கட்டப்பட்டு, மற்ற உப்பூர்கள் அழிந்தபின்னும் மக்கள் வாழ்ந்துவரும் மரியா எலேனா என்னும் ஊரின் எல்லைக்குள், 2021-இல் செர்ரோ தொமினதோர் நிலையம் திறக்கப்பட்டது. 10,600 ஆடிகள், பதினேழரை மணி நேரச் சேமிப்பு. அதன் தொட்டிகளுக்கான உப்பு கடல் கடந்து வரவேண்டியதில்லை.