புனைபெயரும் மெய்ப்பெயரும்

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்க, எழுதும்போது மட்டும் வேறொரு பெயரைச் சூடிக்கொள்வது ஏன்? நம் இல்லத்துப் பிள்ளை ஒருவர் புனைபெயரில் எழுதுகிறார் என்று அறிந்தவுடன், "எதற்கு இந்த ஒளிவு மறைவு?" என்று பெரியோர் வினவுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வினாவிற்கு நம் இலக்கிய வரலாறும், நாம் பிழைக்க வந்த இம்மாநகரின் வரலாறும் விடை கூறுகின்றன.

சங்க காலத்தில் பெயர் மறைக்கப்படவில்லை. காலத்தால் மறைந்து போயிற்று. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்காமையால், அவர் ஆண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றனர். அணிலாடு முன்றிலாரும் அவ்வாறு பெயர் பெற்றவரே. பெற்றோர் தந்த பெயர் அழிந்தது. பாட்டு தந்த பெயர் நிலைத்தது.

அச்சு இதழ்கள் வந்தபின் புனைபெயருக்குப் புதிய காரணங்கள் தோன்றின. பாரதியார் ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்னும் பெயர்களைப் பூண்டார். அவற்றில் பற்றும் பக்தியும் ஒளிர்கின்றன. ஆயினும் அவர் 1908இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்ததையும், 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் இதழ்களிடம் பிணைத்தொகை கேட்டதையும் எண்ணிப் பார்த்தால், அக்காலத்தில் எழுதுவோர்க்குப் புனைபெயர் ஒரு கவசமாகவும் விளங்கியதை உணரலாம்.

அச்சம் ஒன்றே காரணம் அன்று. ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்னரே பெயர் பெற்றிருந்தமையால், பொறியாளர் எஸ். ரங்கராஜன் தம் துணைவியாரின் பெயரை ஏற்றுச் சுஜாதா ஆனார். நம் அண்டை வீட்டாராகிய மராத்தியரிடமும் இம்மரபு உண்டு. வி. வா. சிர்வாட்கர் தம் தங்கை குசும் பெயரால், குசுமத்தின் அண்ணன் எனப் பொருள்படும் குசுமாக்ரஜ் என்னும் பெயரைச் சூடினார். அவர் பிறந்த பிப்ரவரி 27ஆம் நாளே இன்று மராத்தி மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பெண்டிர்க்கு இத்தேவை இன்னும் ஆழமானது. இங்கிலாந்தில் மேரி ஆன் இவான்ஸ், ஜார்ஜ் எலியட் என்னும் ஆண் பெயரில் நாவல்கள் எழுதினார். நம் மும்பையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் சி. எஸ். லக்ஷ்மி அவர்களோ ஆண் பெயரை நாடவில்லை. தேவன் எழுதிய 'பார்வதியின் சங்கல்பம்' கதையில், மதிக்கப்படாத மனைவி ஒருத்தி அம்பை என்னும் பெயரில் எழுதத் தொடங்குகிறாள். பாரதக் கதையின் அம்பையோ மறுபிறவி எடுத்து நீதி தேடியவள். அப்பெயரை அவர் தமதாக்கிக்கொண்டார். 2021ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதும் அப்பெயரைத் தேடி வந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நெல்லைச் சீமையாரும், மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி அலுவலகம் சென்றோரும் தம் பெயரோடு ஊரையும் சுமந்தே வந்தனர். ஆனால் 1960இல் தோன்றிய 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்திய அலுவலர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966இல் சிவசேனை உருவாயிற்று. ஒருவரின் பெயரே அவர்தம் ஊரைக் காட்டிக்கொடுத்த நாள்கள் அவை.

அந்நினைவு ஆறாதிருந்த 1972இல், குமரி மாவட்டத்திலிருந்து வேலை தேடி இந்நகருக்கு வந்தார் க. சுப்பிரமணியம் என்னும் இளைஞர். எழுதத் தொடங்கியபோது அவர் ஊரை மறைக்கவில்லை. ஊரையே பெயராக்கி நாஞ்சில்நாடன் ஆனார். சுப்பிரமணியம் என்னும் பெயர் சொல்லாத ஒன்றை நாஞ்சில்நாடன் என்னும் பெயர் சொல்லிற்று. வேலைப் பதிவேட்டில் ஒரு பெயர், நெஞ்சில் ஒரு பெயர் என்று வாழ்ந்த எத்தனையோ தமிழர்க்காகவும் அது பேசிற்று. இம்மாநகரில் தமிழர் பட்ட பாட்டை அவருடைய 'மிதவை' காட்டுகிறது.

எனின், பெயர் மாற்றி எழுதுவது யாவும் நன்றோ? அன்று. மொட்டைக் கடிதம் எழுதுபவனும் பெயரை மறைக்கிறான். ஆனால் அவன் எந்தப் பெயரையும் ஏற்பதில்லை. நாளை அவன் சொல்லுக்கு விடை கேட்க எவரும் அகப்படார். புனைபெயர் பூண்டவரோ அப்பெயருக்கு வரும் புகழையும் பழியையும் ஆயுள் முழுதும் சுமக்கிறார். முன்னது ஓட்டம், பின்னது பொறுப்பு.

ஆகவே, நம் வீட்டு மகளோ மகனோ வேறொரு பெயரில் எழுதினால், "எதை மறைக்கிறாய்?" என்று கேட்பதை விடுப்போம். "இப்பெயரால் எதைச் சொல்ல விழைகிறாய்?" என்று கேட்போம். அவ்வினாவிற்கு அவர்கள் தரும் விடையில், நாம் விட்டு வந்த ஊரும் நாம் சொல்லத் தயங்கிய சொல்லும் இருத்தல் கூடும்.