'பேர் ட்ரீஸ்' (1972): ஃப்ளீட்வுட் மேக் ப்ளூஸிலிருந்து பாப்புக்கு நகர்ந்த பாதை

ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவின் வரலாற்றைப் பெரும்பாலும் இரண்டு துண்டுகளாகத்தான் எழுதுகிறார்கள். 1967 முதல் 1970 வரை பீட்டர் கிரீன் தலைமையில் லண்டனில் ப்ளூஸ் வாசித்த குழு ஒன்று. 1975க்குப் பின் லின்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் இருவரின் வருகையால் கலிஃபோர்னியாவின் பாப் குழுவாகி, 'ரூமர்ஸ்' தொகுப்பைக் கோடிக்கணக்கில் விற்ற குழு மற்றொன்று. நடுவில் கிடக்கும் ஐந்து ஆண்டுகள் ஆள் மாற்றமும் குழப்பமும் நிறைந்த இடைக்காலமாக ஓரிரு பத்திகளில் கடந்துபோகும். இந்தப் பிரிவினை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். குழுவின் பாப் திருப்பம் லண்டனில், 1972 மார்ச்சில் வெளியான 'பேர் ட்ரீஸ்' தொகுப்பிலேயே தெளிவாகக் கேட்கிறது.

தொடக்கத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கிரீன், மிக் ஃப்ளீட்வுட், ஜான் மெக்வீ மூவரும் ஜான் மேயாலின் 'ப்ளூஸ்பிரேக்கர்ஸ்' குழுவில் பயின்றவர்கள். 1968 பிப்ரவரியில் வந்த முதல் தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அன்றைய பாடல்களில் பலவும் பன்னிரண்டு பார் ப்ளூஸ் வடிவத்தில் அமைந்தவை. மூன்று கார்டுகளின் சுழற்சிக்குள் ஒரு வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது வரியில் விடை சொல்வது அதன் இலக்கணம். அங்கே பல்லவி என்று தனியாக ஒன்று தேவையில்லை; பாடகர் விட்ட இடத்தை கிடார் நிரப்பும். குழுவின் மற்றொரு கிடார் கலைஞரான ஜெரமி ஸ்பென்சர், ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் ஸ்லைடு கிடார் பாணியை அப்படியே கைக்கொண்டிருந்தார். அதே 1968இன் இறுதியில் வெளியான 'ஆல்பட்ராஸ்' பாடலற்ற வெறும் வாத்திய இசை. ஆனாலும் 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதில் கிரீனோடு இணைந்து கிடார் வாசித்த இளைஞர் டேனி கிர்வன்.

1970 மே மாதம் கிரீன் விலகினார். 1971 பிப்ரவரியில் அமெரிக்கப் பயணத்தின் நடுவே லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்பென்சர் ஒரு மதக்குழுவில் சேர்ந்து மறைந்துபோனார். ப்ளூஸின் இரு தூண்களும் சாய்ந்த அந்த இடத்துக்கு வந்தவர்கள் இருவர். ஜான் மெக்வீயின் மனைவி கிறிஸ்டின், 'சிக்கன் ஷாக்' என்ற ப்ளூஸ் குழுவில் பாடிப் பெயர் பெற்றவர். 1969இல் 'மெலடி மேக்கர்' இதழ் வாசகர்கள் அவரைச் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மற்றவர் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த பாப் வெல்ச். ரிதம் அண்டு ப்ளூஸ் குழுக்களில் வாசித்தவர் என்றாலும், பிரிட்டிஷ் ப்ளூஸ் இளைஞர்களிடமிருந்த சிகாகோ ப்ளூஸ் பக்தி அவரிடம் இல்லை. ஆக, 1975க்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே ஒரு கலிஃபோர்னியக்காரர் இந்தக் குழுவுக்குள் வந்துவிட்டார்.

'பேர் ட்ரீஸ்' தொகுப்பின் பத்துத் தடங்களில் ஐந்து கிர்வனுடையவை. வெல்ச்சுக்கும் கிறிஸ்டினுக்கும் இரண்டிரண்டு. கடைசித் தடம், குழுவினர் வாழ்ந்த ஹாம்ப்ஷயர் வீட்டுக்கு அருகில் வசித்த மூதாட்டி ஒருவர் வாசித்த கவிதை. எண்ணிக்கையில் கிர்வன் முந்துகிறார், ஆனால் அவருடைய ஐந்தும் ஒரே திசையில் போகவில்லை. 'சன்னி சைடு ஆஃப் ஹெவன்' பாடலற்றது; 'ஆல்பட்ராஸ்' காலத்தின் நேர்வாரிசு. 'டேனிஸ் சான்ட்' சொற்களின்றி, கிடாரின் முரட்டு ஒலியை நம்பி ஓடுகிறது. 'டஸ்ட்' ரூபர்ட் புரூக்கின் கவிதை வரிகளை எடுத்து மெதுவான மெட்டில் பாடுகிறது. ப்ளூஸின் துயரம் அதில் முழுமையாக இருக்கிறது, ப்ளூஸின் வடிவம் இல்லை. இந்தப் பாடல் பெறவேண்டிய கவனத்தைப் பெறவேயில்லை என்பது என் எண்ணம்.

திருப்பத்தின் மையம் கிறிஸ்டினின் 'ஸ்பேர் மீ எ லிட்டில் ஆஃப் யுவர் லவ்'. சரணம் சிறியது, சொற்கள் எளியவை. பாடல் தாமதிக்காமல் பல்லவிக்கு வந்துவிடுகிறது. பல்லவியில் மற்றக் குரல்கள் இணைந்து அவர் குரலைத் தாங்குகின்றன. கிடார் இங்கே பாடகருக்குப் பதில் சொல்வதில்லை, பின்னால் நின்று துணை செய்கிறது. கேட்பவர் இரண்டாம் முறையே பல்லவியைச் சேர்ந்து பாட முடியும். 1975இன் 'ஓவர் மை ஹெட்', 'சே யூ லவ் மீ' இரண்டும் இதே கட்டுமானத்தில் எழுந்தவை, எழுதியவரும் அவரே.

வெல்ச்சின் 'சென்டிமென்டல் லேடி' இன்னும் நேரடியான சான்று. 1972இல் அது தனித்த வெற்றி எதையும் பெறவில்லை. 1977இல் வெல்ச் தன் தனித்தொகுப்புக்காக அதையே மறுபடி பதிவு செய்தார். பக்கிங்ஹாமும் கிறிஸ்டினும் தயாரிப்பில் உதவ, ஃப்ளீட்வுட் டிரம்ஸ் வாசித்தார். பாடலின் நீளம் குறைந்தது, இரண்டாம் சரணம் போனது, பின்னணிக் குரல்கள் பெருகின. அமெரிக்கப் பட்டியலில் 8ஆம் இடம் கிடைத்தது. மெட்டு பழையதுதான். ஐந்து ஆண்டுகளில் மாறியது அதைச் சுற்றிய ஒப்பனை மட்டுமே.

அன்றைய சந்தை இதை உணரவில்லை. 'பேர் ட்ரீஸ்' அமெரிக்காவில் 70ஆம் இடம் வரைதான் ஏறியது. பிரிட்டனின் பட்டியலில் நுழையவே இல்லை. 1972 ஆகஸ்டில் கிர்வன் நீக்கப்பட்டார். 1974இல் குழுவின் மேலாளர் வேறு ஆட்களைத் திரட்டி அதே பெயரில் மேடையேற்ற, வழக்கு மூண்டது. குழு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஆண்டின் இறுதியில் வெல்ச் விலகினார். பக்கிங்ஹாமும் நிக்ஸும் சேர்ந்தபின் 1975 ஜூலையில் வந்த தொகுப்பு ஓர் ஆண்டுக்கும் மேலாக மெல்ல ஏறி, 1976 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தைத் தொட்டது. அதற்கு வழிதிறந்த முதல் வெற்றிப் பாடல் புதியவர்களுடையது அல்ல, கிறிஸ்டினின் 'ஓவர் மை ஹெட்'. மறுபுறம், அதே தொகுப்பின் 'வேர்ல்டு டர்னிங்' பாடலுக்கு விதையாக இருந்தது 1968இல் கிரீன் பாடிய ஒரு ப்ளூஸ். புதியது பழையதை விரட்டிவிட்டது என்று சொல்ல இந்தத் தொகுப்பே இடம் தரவில்லை.

நடுக்காலத்தை ஓரங்கட்டியதன் விளைவு வரலாற்று நூல்களோடு நிற்கவில்லை. 1998இல் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இந்தக் குழுவைச் சேர்த்துக்கொண்டபோது கிரீன், ஸ்பென்சர், கிர்வன் மூவரின் பெயரும் இடம்பெற்றன. 1971 முதல் 1974 வரை ஐந்து தொகுப்புகளில் எழுதிப் பாடிய வெல்ச்சின் பெயர் விடுபட்டது. ப்ளூஸ் காலத்துக்கும் பாப் காலத்துக்கும் இடையே பாலமாக நின்றவருக்கு நேர்ந்த அநீதி என்றே இதைக் கருதுகிறேன்.

குழுவின் மேடைப் பட்டியல் இந்த வரலாற்றை நேர்மையாகவே வைத்திருந்தது. 1975இல் பக்கிங்ஹாமும் நிக்ஸும் நின்ற மேடையில், புதிய 'ரியானன்' பாடலோடு, கிரீனின் 1969ஆம் ஆண்டு 'ஓ வெல்', வெல்ச்சின் 'ஹிப்னடைஸ்டு', 'பேர் ட்ரீஸ்' தொகுப்பின் 'ஸ்பேர் மீ எ லிட்டில் ஆஃப் யுவர் லவ்' ஆகியவையும் ஒரே இரவில் ஒலித்தன.