முள்ளந்தண்டின் கோட்டமும் அதன் மருத்துவ வரலாறும்

மாந்தரை ஏனை விலங்குகளினின்றும் வேறுபடுத்தும் இயல்புகளுள் நிமிர்ந்த நிலையும் ஒன்றாகும். அந்நிமிர்வைத் தாங்குவது முள்ளந்தண்டு. அது பக்கவாட்டில் வளைதலும் பின்புறங் கூனுதலும் பண்டுதொட்டு அறியப்பட்ட நோய்கள். இவற்றிற்குப் பரிகாரம் தேடிய வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வளைந்ததை நிமிர்த்தும் முயற்சி விரைந்து தோன்றியது. வளைந்தது எதனால் என்னும் ஆராய்ச்சி மிகப் பிந்தியே வந்தது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான கிரேக்க மருத்துவர் ஹிப்போக்கிறற்றீசின் பெயரால் வழங்கும் நூல்கள் இருவகைச் சிகிச்சைகளைக் கூறுகின்றன. நோயாளியை ஏணியிற் கட்டி உயரத்திலிருந்து விழவிடுதல் ஒன்று. பலகையிற் கிடத்தி இருபுறமும் இழுத்து முதுகை அழுத்துதல் மற்றையது. முன்னையது கூட்டத்தை வியப்பிக்க விரும்புவார் கையாளும் முறையென அங்கேயே கண்டிக்கப்படுகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற் கேலன் பின்வளைவு, முன்வளைவு, பக்கவளைவு எனப் பகுத்து விளக்கினார். அவர் ஆண்ட கிரேக்கப் பெயர்களே இன்றும் வழக்கிலுள்ளன. 16ஆம் நூற்றாண்டிற் பிரான்சிய சத்திரவைத்தியர் அம்புறுவாஸ் பாரே இரும்புத் தகட்டாலான கச்சை அணிவித்தார். இவை யாவும் வலிமையால் நிமிர்த்த முயன்றவையே.

1741இல் நிக்கலஸ் ஆன்றி என்னும் பிரான்சியர், சிறுவரின் உடற்கோட்டங்களைத் தடுத்தல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வளைந்த இளமரத்தைத் தறியொன்றிற் பிணித்திருக்கும் அந்நூலின் படம், பின்னர் என்பு மருத்துவத்துறையின் சின்னமாயிற்று. பிள்ளைகள் அமரும் முறையை அவர் கவனித்தமை போற்றற்குரியது. ஆயின், கோட்டம் எல்லாம் தீய பழக்கத்தின் பயன் என்ற எண்ணமும் இதனோடு வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாடசாலைகளின் வாங்குகளும் எழுதும் முறையும் பெரும் பழிக்கு ஆளாயின.

காரணத்தை நாடியோர் வேறு வழிச் சென்றனர். ஒருவகைக் கூனொடு கால்வலிமை இழத்தலும் சேர்ந்து வருதலை ஆங்கிலேயரான பேர்சிவல் பொற் 1779இல் விளக்கினார். அதற்கு ஏதுவான காசநோய்க் கிருமியை 1882இல் றொபேட் கொக் கண்டறிந்தார். உயிரெச்ச ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற கிடியன் மான்ரெல் 1852இல் இறந்தார். அவரது முதுகின் பக்கத்தே கட்டியெனக் கருதப்பட்டிருந்த வீக்கம், முறுக்குண்ட முள்ளந்தண்டின் பகுதியே என்பது பின்னரே தெரிந்தது. பக்கவளைவில் என்புகள் வளைவதோடன்றித் திருகவும் செய்கின்றன என்பதையும், நோயாளியை முன்குனியச் செய்தால் அத்திருகல் வெளிப்படும் என்பதையும் வில்லியம் அடம்ஸ் 1865இல் எழுதினார். 1895இற் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ் கதிர்கள் உள்ளிருந்த வளைவைக் காணச் செய்தன. 1948இல் ஜோன் கொப் அதனைப் பாகையால் அளக்கும் முறையை வகுத்தார்.

அளவு கிடைத்தபின் சிகிச்சையும் தெளிவுற்றது. இளம்பிள்ளைவாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்க்கு மருத்துவம் செய்த அமெரிக்கரான போல் ஹாறிங்ரன், உருக்குக் கோல் பொருத்தும் சத்திரசிகிச்சையை 1962இல் விரிவாக வெளியிட்டார். வளரும் பருவத்தினர்க்குக் கச்சை பயனளிக்குமா என்ற நெடுங்கால ஐயத்துக்கு 2013இல் வெளியான ஆய்வொன்று விடையளித்தது. கச்சை அணிந்தோருள் 100க்கு 72 பேரும், அணியாது கண்காணிக்கப்பட்டோருள் 48 பேரும், வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சி முற்றப்பெற்றனர்.

இன்று இருவகைக் கோட்டங்கள் பிரித்தறியப்படுகின்றன. சோர்ந்து அமர்வதால் உண்டாகும் கூனல், முயன்று நிமிர்ந்தால் மறையும், பயிற்சியால் திருந்தும். திருகலோடு கூடிய பக்கவளைவு அவ்வாறு மறையாது. இளம்பருவத்தில் தோன்றும் இதன் முழுக் காரணம் இன்னும் அறியப்படவில்லை, பரம்பரைக்குப் பங்குண்டு, புத்தகப்பையோ இருக்கையோ இதனை உண்டாக்கும் என்பதற்குச் சான்றில்லை. 1485இற் போரில் மடிந்த மூன்றாம் றிச்சாட் மன்னனைச் சேக்ஸ்பியர் கூனனாகவும் கொடியனாகவும் படைத்தார். 2012இல் லெஸ்ரர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அம்மன்னனின் என்புகளிற் கூன் காணப்படவில்லை. இளம்பருவத்தே தோன்றிய பக்கவளைவே காணப்பட்டது. உடலின் கோட்டத்தை உள்ளத்தின் கோட்டமாக உலகம் எண்ணியதற்கு இது தக்க சான்று.

ஆதலின், ஒரு தோள் உயர்ந்த மாணவனை 'நிமிர்ந்திரு' எனக் கடிதல் போதாது. முன்குனியும்போது அவன் முதுகின் ஒருபுறம் மேலெழுமாயின், அவனை மருத்துவரிடம் அனுப்புதலே ஆசிரியர் கடன். வளர்ச்சி முற்றுமுன் செய்யும் அவ்வுதவி, பின்னர் எத்துணை முயலினும் செய்தற்கரியது.