விழிஞம் வேறு, காந்தளூர்ச் சாலை வேறு

முதல் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்ற தொடருக்குப் பொருள் தேடுவதிலேயே ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. அந்த வழக்கில் சிக்கி, தனக்கென வரலாறு இல்லாமல் போன ஊர் விழிஞம். நீலகண்ட சாஸ்திரியார் ‘சோழர்’ நூலில் கலம் என்பதை மரக்கலமாகவே கொண்டார். முதல் இராசராசன் அங்கே சேரரின் கப்பற்படையை அழித்தான் என்று எழுதினார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பால் காந்தளூர் துறைமுகமாகிவிட்டது. அடுத்த அடியாக, அந்தத் துறைமுகம் விழிஞமே என்றும் சிலர் சொல்லத் தொடங்கினர்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. கலமறுத்த புகழை இராசாதிராசனும் முதல் குலோத்துங்கனும் தமக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். அழிந்த கப்பல்களைச் சேரர் மறுபடி கட்டியிருக்கலாமே என்று சாஸ்திரியார் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம். ஆனால் பார்த்திவபுரச் செப்பேட்டுக்கு அந்த விடை செல்லாது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர்களுக்கு (மாணவர்களுக்கு) ஒரு சாலை அமைத்து, காந்தளூர் முறையே அதற்கு முறை என்று விதித்தான். சட்டர்கள் கற்க வேண்டியதையும் அவர்கள் ஒழுக்கத்தையும் பேசும் அந்த ஏட்டில் கப்பலுக்கு இடமே இல்லை. கலியுக நாட்கணக்கு இருப்பதால் காலத்திலும் ஐயமில்லை: கி.பி. 866. இராசராசனுக்கு நூறாண்டுக்கு மேல் முன்பே சாலை என்பது ஒரு நிறுவனம். கலம் என்பது உண்கலம் என்ற கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் கருத்துக்கும், சாலையைப் பிராமணர்களின் கல்வி, போர்ப்பயிற்சி நிறுவனமாகக் கண்ட எம்.ஜி.எஸ். நாராயணனின் கருத்துக்கும் இங்கிருந்துதான் வலு வருகிறது. அவ்விரண்டில் எது சரி என்பதை நான் இங்கே முடிக்கப் போவதில்லை. என் கவலை விழிஞத்தைப் பற்றியது.

பாண்டியன் நெடுஞ்சடையனின் 17ஆம் ஆட்சியாண்டுச் சீவரமங்கலச் செப்பேடு, வேள் மன்னனை வென்று விழிஞத்தை அழித்ததைச் சொல்கிறது. இது 780களில் விழும். ஆட்சித் தொடக்கம் உறுதிப்படாத நிலையில் இதற்கு மேல் நெருக்கிச் சொல்வது முறையன்று. வானளாவிய மதில், ஆழ்ந்த அகழி, இலங்கைக் கோட்டையோடு ஒப்புமை என்று ஏடு நின்று வருணிக்கிறது. இராசேந்திரனின் 6ஆம் ஆண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேடோ, இராசராசனின் படைத்தலைவன் கடலையே அகழியாகக் கொண்ட விழிஞத்தைப் பிடித்தான் என்கிறது. அங்கே காந்தளூரின் பேச்சில்லை. இரண்டும் ஓரூராக இருந்திருந்தால், மன்னன் தன் மெய்க்கீர்த்தியின் தலைப்பில் வைத்த பெயரை அந்த ஏட்டின் வடமொழிப் பகுதியைப் பாடிய புலவர் விட்டிருப்பாரா? மௌனத்தைச் சான்றாக்கக் கூடாது என்பார்கள், சரிதான். அதனால்தான் பரணிக்கு வருகிறேன்.

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் குலோத்துங்கனின் வெற்றிகளை அடுக்கும்போது விழிஞத்தை அழித்ததைத் தனியே, சாலையைக் கொண்டதைத் தனியே சொல்கிறார். இரண்டு வினை, இரண்டு இடம். அதைவிட முக்கியம், கடலைக் குறிக்கும் ‘வேலை’ என்ற சொல் விழிஞத்தோடு வருகிறது, சாலையோடு வரவில்லை. வேலை, சாலை என்ற எதுகைக்காகவே அச்சொல் வந்திருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானது. எதுகை சொல்லைக் கொண்டுவரும்; அதை எந்த ஊரோடு சேர்ப்பது என்பது புலவரின் முடிவு. துறைமுகம் சாலையில் இருந்திருந்தால் கடல் அங்கேயல்லவா சேர்ந்திருக்கும்?

நிலமும் இதற்கு இசைகிறது. விழிஞத்தில் பாறைகள் அணைத்த குடா, கரையை ஒட்டியே ஆழம். செம்மலைக்குத் தெற்கே, குமரிக்கு முன்னால், நல்ல துறையுள்ள ஊர் என்று எரித்திரேயக் கடற்பயண நூல் சொல்லும் பலிதாவை வர்க்கலையில் தேடியவர்கள் உண்டு. வர்க்கலையில் செம்மண் குன்று இருக்கிறது, கப்பல் ஒதுங்கக் குடா இல்லை. பலிதா விழிஞமாகவே இருக்கலாம் என்பது என் சாய்வு. பெயர் ஒலியை வைத்து அதை நிறுவ முடியாது.

இராசராசன் விழிஞத்தைப் பிடித்த ஆண்டும் திறந்தே இருக்கிறது. திருவாலங்காட்டு ஏடு அதைப் பாண்டியன் அமரபுயங்கனைப் பிடித்ததற்கு அடுத்து வைக்கிறது, ஆண்டு தரவில்லை. கலமறுத்த அடைமொழியின் ஆண்டை எடுத்து விழிஞத்துக்கும் ஒட்டவைப்பது, இரண்டும் ஒன்றென்ற பழைய பிழையின் மிச்சம்.

2024 ஜூலை 11 அன்று தென்சீனத்தின் சியாமென் துறையிலிருந்து ‘சான் பெர்னாண்டோ’ என்ற சரக்குக் கப்பல் விழிஞத்துக்கு வந்தது. புதிய துறைமுகம் பிறந்ததாகவே பேசினார்கள். செப்பேடுகளில் 1,200 ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் நிற்கும் ஊர் அது. காந்தளூரைப் பற்றி இனி எழுதுவோர், விழிஞத்தை அதன் அடிக்குறிப்பாக வைக்காமல் தனித் தலைப்பாகக் கொள்ள வேண்டுகிறேன்.