சாத்தாங்காட்டுக் கணக்கும் மூன்று வகை வாடகையும்

சென்னை ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க, பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அமைத்ததுதான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். இங்குள்ள சில கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். எடைமேடைச் சீட்டு, லாரி நம்பர், ஆங்கிள், சேனல், பிளேட் எல்லாம் ஒரு காலத்தில் பேரேட்டில் ஏறின. பிறகு டாலி என்ற கணக்கு மென்பொருள் வந்தது. 1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத்தும் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு அது. கம்ப்யூட்டர், யூ.பி.எஸ்., பேக்கப் எல்லாம் முதலாளியின் சொந்தச் செலவு. ஹார்ட் டிஸ்க் போனால் கணக்கும் போச்சு.

இந்த ஏற்பாட்டை அசைத்தது வரிச் சட்டம்தான். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி., 2018 ஏப்ரல் 1இல் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில். ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும் சரக்குக்கு அது கட்டாயம். இரும்பு லோடு எது அந்தத் தொகைக்குள் அடங்கும்? 2023 ஆகஸ்ட் முதல், ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸும் வந்தது. அரசு போர்ட்டலிலிருந்து நம்பர் வந்தால்தான் பில். இணையம் இல்லாமல் கடை ஓடாது என்றானதும் ‘கிளவுட்’ விற்பவர்கள், அதாவது கம்ப்யூட்டர் வசதியை இணையம் வழியே வாடகைக்குத் தருபவர்கள், படியேறினார்கள்.

அவர்கள் விற்றது ஒரே பொருள் அல்ல. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011இல் கிளவுட் சேவையை மூன்றாக வகுத்தது. எங்கள் இரும்பு யார்டு கணக்கில் சொன்னால், ஒன்று காலி யார்டு. ஒன்று கிரேனும் கட்டிங் மெஷினும் உள்ள யார்டு. ஒன்று அளவுக்கு வெட்டி வாசலில் இறக்கும் சரக்கு.

முதல் வகையை 2006இல் அமேசான் பரவலாக்கியது; சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. மார்க்கெட்டில் ‘டாலி ஆன் கிளவுட்’ என்பது பெரும்பாலும் இந்த வகைதான்: எங்கோ வாடகை சர்வர், அதில் நம் டாலி. லைசென்ஸ், அப்டேட், பேக்கப் எதையும் டேட்டா சென்டர்காரர் பார்க்க மாட்டார். நாமோ நமக்கு விற்றவரோதான் பார்க்க வேண்டும். இரண்டாவது, நமக்கு வேண்டிய ஆப்பை நாமே கட்டிக்கொள்ளும் தளம். 2008இல் வந்த கூகுள் ஆப் எஞ்சின் இப்படிப்பட்டது. நம் ஊர் ஜோஹோவின் கிரியேட்டரும் இந்த வகை. எடைச் சீட்டைப் போனிலேயே பதிய அதில் ஒரு படிவம் செய்துகொள்ளலாம். மூன்றாவது, ஜோஹோ புக்ஸ் மாதிரி ஆயத்த மென்பொருள். சர்வரும் அப்டேட்டும் அவர்கள் தலைவலி. சந்தா கட்டுவது நம் வேலை.

மூன்றிலும் பாஸ்வேர்டும் யாருக்கு என்ன அனுமதி என்பதும் முதலாளி பொறுப்பே. கம்பெனியாகப் பதிந்தவர்களின் மின்னணுக் கணக்குக்கு, இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் இருக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டிலிருந்து விதி.

ஆகவே முதலாளிகளே, ‘கிளவுட்’ என்றதும் செக் கிழிக்காதீர்கள். அப்டேட் யார் போடுவது, பேக்கப் யார் எடுப்பது, விட்டு விலகும்போது டேட்டாவை எந்த வடிவில் தருவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.